அடுத்த ஜூனுக்கு யார் பொறுப்பு? ஹைதராபாத்தில் கல்வி அறக்கட்டளை தொடங்க ஒரு வழிகாட்டி

மே மாதக் கடைசியில் மாதாப்பூர், கச்சிபௌலி அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். செக்யூரிட்டியாக இருப்பவரின் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள், இன்டர்மீடியட் (பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு) சேர ஃபீஸ் இல்லை, முடிந்தவர்கள் உதவவும் என்று. மாலை டீ நேரத்துக்குள் தொகை சேர்ந்துவிடும். அடுத்த ஜூனில் அந்தப் பெண் இரண்டாம் ஆண்டுக்குப் போனாளா என்று கேட்க அந்தக் குழுவில் ஆள் இருக்காது. செய்தி போட்டவரே வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

முதல் ஜூனுக்கு நல்ல மனசு போதும். மூன்றாவது, ஐந்தாவது ஜூனுக்குத்தான் அறக்கட்டளை வேண்டும். பதிவு, வரி, நன்கொடை, ஆள் எடுப்பது என்று எந்த முடிவை எடுக்கும்போதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பிள்ளை படித்து முடிக்கும் வரை இது தாங்குமா?

முதலில் வேறொருவரிடம் வேலை பாருங்கள்

ஹைதராபாத்தில் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் பலர். பிட்ஸ் பிலானி மாணவர்கள் 2005-ல் தொடங்கிய நிர்மாண் இன்று இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. சென்னையில் 2006-ல் தொடங்கிய பூமிக்கு இங்கும் தன்னார்வலர்கள் உண்டு. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கத் துணிபவர்களுக்கு டீச் ஃபார் இந்தியாவின் இரண்டு ஆண்டு ஆசிரியப் பணி இருக்கிறது.

இப்படி ஓர் அமைப்பில் மூன்று மாதம் சனிக்கிழமைகளைக் கொடுங்கள். அங்கே மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவி பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன்? இன்று நன்கொடை நின்றுபோனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பார்கள்? பிள்ளையின் அம்மாவிடம் போய்ப் பேசுவது யார்? மூன்றுக்கும் தெளிவான பதில் தரும் அமைப்பு உங்கள் பகுதியிலேயே இருந்தால், புதிய பெயர்ப்பலகை தேவையில்லை. மாதாமாதம் அவர்களுக்கே பணமும் நேரமும் கொடுங்கள். அவர்கள் கை எட்டாத ஓர் இடம் உங்கள் கண்ணில் பட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

பணம்தான் தடையா?

இந்தக் கேள்விக்கு ஹைதராபாத்திலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பேராசிரியர் மாமிடிப்பூடி வெங்கடரங்கையாவின் நினைவாக 1981-ல் எம்.வி. ஃபவுண்டேஷன் ஓர் ஆய்வு அமைப்பாகத் தொடங்கப்பட்டது. அதை வழிநடத்திய அவருடைய பேத்தி சாந்தா சின்ஹா ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். 1991-ல் அந்த அமைப்பு ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்களில் குழந்தைத் தொழிலாளர் பக்கம் திரும்பியது. கொத்தடிமை வேலையிலும் வயல் வேலையிலும் இருந்த பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

ஏழைப் பெற்றோர் பிள்ளையின் கூலியை விட மாட்டார்கள் என்பது அன்றைய பொதுவான நம்பிக்கை. களத்தில் அமைப்பினர் கண்டது வேறு. படிக்க வைக்கப் பெற்றோர் தயாராகவே இருந்தார்கள். எந்த வயதில் எந்த வகுப்பில் சேர்ப்பது, என்ன காகிதம் கேட்பார்கள், பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பொடியன்களோடு உட்கார வைப்பார்களா என்பதே அவர்களுடைய தயக்கம். அதற்காக உருவானவைதான் பிரிட்ஜ் கோர்ஸ் முகாம்கள். பள்ளிக்கே போகாத பிள்ளை அங்கே தங்கிப் படித்து, தன் வயதுக்குரிய வகுப்பில் அரசுப் பள்ளியில் சேரும். வீடு வீடாகப் பேசியவர்கள் அந்தந்த ஊர் இளைஞர்கள். பள்ளியில் இல்லாத எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான் என்ற நிலைப்பாட்டில் அமைப்பு உறுதியாக நின்றது. சாந்தா சின்ஹாவுக்கு 2003-ல் மகசேசே விருது கிடைத்தது. 2007-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரானார்.

இந்தக் கதையில் தனியார் பள்ளி ஃபீஸ் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். செக் புத்தகத்தை எடுப்பதற்கு முன், உங்கள் பகுதியில் பிள்ளைகள் நிற்பது எதனால் என்று பாருங்கள். காரணம் ஃபீஸாக இருக்கலாம். ஆதாரில் பெயர் பிழை, பழைய பள்ளி தராத டி.சி., தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடு என்று எதுவாகவும் இருக்கலாம்.

அரசு தருவதை முதலில் வாங்கிக் கொடுங்கள்

6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி 2010 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி உரிமை. அரசுப் பள்ளியில் பாடநூல், சீருடை, மதிய உணவு கிடைக்கிறது. தெலங்கானாவில் சமூகநலத் துறையின் குருகுலப் பள்ளிகள் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாவற்றையும் இலவசமாகத் தருகின்றன. 2014-ல் 13 வயதில் எவரெஸ்ட் ஏறிய மாலாவத் பூர்ணா அப்படியொரு பள்ளியின் மாணவி. சிறுபான்மையினருக்குத் தனிக் குருகுலங்கள் 2016-ல் வந்தன. இடையில் நின்ற பெண்பிள்ளைகளுக்குக் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயாக்கள் இருக்கின்றன. சமூகநலக் குருகுலங்களில் ஐந்தாம் வகுப்புச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அறிவிப்பு வருவதே பல பஸ்திகளுக்கு (ஏழைக் குடியிருப்புகளுக்கு) தெரியாது. ஒரு பிள்ளைக்கு விண்ணப்பம் போட்டு, தேர்வுக்குத் தயார் செய்து, சேர்த்துவிட்டால் ஃபீஸ் கட்டாமலே பல ஆண்டுப் படிப்பை வாங்கிக் கொடுத்தாயிற்று.

இரண்டு இடங்களில் நம்பிக்கையை அளவோடு வையுங்கள். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடம் என்று கல்வி உரிமைச் சட்டம் சொன்னாலும், தெலங்கானாவில் அது நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை. கல்லூரிப் படிப்புக்கான ஃபீஸ் ரீயம்பர்ஸ்மென்ட் திட்டத்தில் நிலுவை சேர்ந்துபோய், தனியார் கல்லூரிகள் 2025-ல் கதவடைப்புப் போராட்டமே நடத்தின. அரசுப் பணம் வரும்வரை கல்லூரிகள் மாணவரிடம் கேட்பது, சான்றிதழை நிறுத்தி வைப்பது எல்லாம் நடக்கும். அந்த இடைக்காலத்தைத் தாண்ட உதவுவதே ஓர் அறக்கட்டளைக்கு நல்ல வேலை.

ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள்

'ஏழைக் குழந்தைகளின் கல்வி' என்பது நோக்கமாகாது. யார், எந்த வகுப்பு, எந்தப் பகுதி என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளிகள் சில:

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு. பெரிய கார்ப்பரேட் ஜூனியர் கல்லூரிகளின் ஃபீஸ் ஒரு தினக்கூலி வீட்டுக்கு எட்டாது. பெண்பிள்ளையின் படிப்பு நின்று கல்யாணப் பேச்சு தொடங்குவதும் பெரும்பாலும் இங்கேதான்.

பழைய நகரின் சிறு தனியார் பள்ளிகள். ஆங்கிலேயக் கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் டூலி 2000-ல் சார்மினார் பக்கச் சந்துகளில் இந்தப் பள்ளிகளைப் பார்த்த பிறகுதான் குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளைப் பற்றிய அவருடைய ஆய்வே தொடங்கியது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் மிக ஏழைகளுக்கும் அந்தப் பள்ளிகள் தாங்களாகவே இலவச இடமோ சலுகையோ தருவதையும் அவர் பதிவு செய்தார். ஆகவே முழு ஃபீஸ் கட்டுவதற்கு முன் கரஸ்பாண்டன்ட்டிடம் பேசுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே உறுதியாகப் பணம் வரும் என்றால் அவரும் இறங்கி வருவார்.

செங்கல் சூளைப் பிள்ளைகள். மழைக்காலம் முடிந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள சூளைகளுக்கு வரும், கோடை முடிவில் திரும்பும். கல்வியாண்டின் நடுவில் வந்து இறங்கும் பிள்ளைக்கு ஃபீஸைவிட ஒடியா தெரிந்த ஆசிரியரும் திரும்பிப் போனால் செல்லுபடியாகும் பதிவும்தான் தேவை.

ஒன்றை எடுங்கள். மற்றதற்கு இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

ஐந்து வருடக் கணக்கு

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையை ஏற்கிறீர்கள், இன்டர்மீடியட் முடியும் வரை நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபீஸ், புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து முதல் வருடம் 25,000 ரூபாய் என்பது உதாரணக் கணக்கு. ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஐந்தாம் வருடம் சுமார் 34,000. ஐந்து வருடமும் சேர்த்து ஏறக்குறைய 1.47 லட்சம். பத்துப் பிள்ளைக்கு 14.7 லட்சம். முதல் வருடம் 2.5 லட்சம் சேர்ந்த உற்சாகத்தில் பத்துப் பேரை எடுப்பவர்கள் இரண்டாம் வருடம் இன்னும் பத்துப் பேரை எடுப்பார்கள். மூன்றாம் வருடம் யாரை நிறுத்துவது என்று உட்கார்ந்து யோசிப்பார்கள்.

மூன்று விதிகளை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். ஒரு பிள்ளையை ஏற்கும்போது அந்தப் பிள்ளைக்கான அடுத்த வருடப் பணமும் வங்கியில் இருக்க வேண்டும். பழைய பிள்ளைகளின் ஃபீஸ் கட்டி முடித்த பிறகே புதுப் பிள்ளை. எந்த ஒரு நன்கொடையாளரும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

கடைசி விதிக்கு இந்த ஊர் அனுபவமே காரணம். ஐ.டி. நிறுவனமான சத்யத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பம் 2001-ல் தொடங்கிய பைர்ராஜு ஃபவுண்டேஷன் ஆந்திரக் கிராமங்களில் கல்வி, சுகாதாரம், குடிநீர் என்று பெரிய அளவில் வேலை செய்தது. 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளிவந்ததும் நிதி ஆதாரம் ஆட்டம் கண்டு பணிகள் சுருங்கின. கிராமத்தில் வேலை பார்த்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பணம் ஒரே கிணற்றிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

இதே காரணத்தால் 'ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர்' என்ற முறையைவிடப் பொது நிதி நல்லது. புரவலருக்கு வேலை போனால் பிள்ளைக்குப் படிப்பு போகக் கூடாது. 'நம்ம பையன் எத்தனை மார்க்?' என்று போனில் கேட்கும் உரிமையும் யாருக்கும் வராது.

டிரஸ்ட், சொசைட்டி, கம்பெனி

மூன்று வழிகள் உண்டு. டிரஸ்ட் எளிது. டிரஸ்ட் டீடை முத்திரைத்தாளில் எழுதி சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நம்பிக்கையான நாலைந்து பேர், குடும்பப் பணம் என்றால் பொருந்தும். சொசைட்டிக்கு இங்கே 2001-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். தேர்தல், பொதுக்குழு எல்லாம் உண்டு. நண்பர்கள் வட்டத்துக்கு ஏற்றது, சண்டைக்கும் இடம் தரும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-ம் பிரிவு கம்பெனிக்கு இரண்டு இயக்குநர்கள் போதும். ஆனால் ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்தே ஆக வேண்டும். கார்ப்பரேட் நிதியை நாடப் போகிறீர்கள் என்றால் இதற்கு மதிப்பு அதிகம்.

எதை எடுத்தாலும் நிறுவனர் விலகினால் அடுத்து யார், எப்படி என்ற விதியைத் தெளிவாக எழுதுங்கள். கலைத்தால் மீதிப் பணம் அதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குத்தான் போகும் என்ற விதியையும் சேருங்கள். நிறுவனரைத் தாண்டி நிற்பதற்கு உதாரணம் இங்கேயே இருக்கிறது. செகந்தராபாத்தில் சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர் 1862-ல் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னால் அது மஹபூப் கல்லூரி ஆனது. சிகாகோ போவதற்கு முன், 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் உரையாற்றிய இடம் அது. முதலியார் யார் என்று இன்று செகந்தராபாத்தில் பலருக்குத் தெரியாது, நிறுவனம் நிற்கிறது. உங்கள் டிரஸ்ட் டீடும் அப்படி எழுதப்பட வேண்டும்.

வரி: நான்கு விஷயம் போதும்

பான் எடுத்து, வங்கிக் கணக்கு தொடங்கி, வருமான வரித் துறையில், அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு தரும் 12ஏபி பதிவும் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி அங்கீகாரமும் வாங்குங்கள். முதலில் தற்காலிகமாக மூன்று ஆண்டுக்குத் தருவார்கள், வேலை தொடங்கியபின் முறையான பதிவுக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண், படிவ எண் எல்லாம் மாறுகின்றன. பழைய எண்களைச் சொன்னாலும் ஆடிட்டருக்குப் புரியும், தாக்கல் செய்யும்போது புது எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது, 85 சதவீத விதி. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். அடுத்த வருட ஃபீஸுக்கு ஒதுக்கி வைக்கச் சொன்னேனே, அது இங்கே இடிக்கும். அதற்கு வழி உண்டு: நோக்கத்தைக் குறிப்பிட்டுத் தாக்கல் செய்தால் ஐந்து ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். நன்கொடையாளரே மூலநிதிக்கு என்று எழுதிக் கொடுத்தால் அதைத் தனியாக முதலீடு செய்து வைக்கலாம். இதை மார்ச் 31-க்கு முன்பே ஆடிட்டருடன் பேசி முடியுங்கள்.

மூன்றாவது, ரசீது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடையாது. நன்கொடையாளர் பட்டியலை ஆண்டு முடிந்தபின் மே 31-க்குள் துறைக்குத் தாக்கல் செய்து, அங்கிருந்து இறங்கும் சான்றிதழைத்தான் அவருக்குத் தர வேண்டும். கொடுத்தவர் பெயரும் பானும் முதல் நாளிலிருந்தே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, 80ஜியை ஆசை காட்டி நிதி திரட்டாதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகையே இல்லை. இன்று சம்பளக்காரர்களில் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி நூறு பேரைச் சேர்ப்பதே உறுதியான நிதி.

அமெரிக்காவிலிருந்து பணம் வந்தால்

ஹைதராபாத்தில் இது உடனே வரும் கேள்வி. டல்லஸில் இருக்கும் நண்பர் ஆயிரம் டாலர் அனுப்புகிறேன் என்பார். முதலில் கேட்க வேண்டியது, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ. தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பத்து ரூபாய்கூட வாங்கக் கூடாது.

அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். கிடைத்தபின் பணம் டெல்லி நாடாளுமன்ற வீதி ஸ்டேட் பேங்க் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வேறு அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கைமாற்றவும் கூடாது. ஆகவே முதல் மூன்று ஆண்டுக்கு உள்ளூர்ப் பணத்தை நம்பித் திட்டமிடுங்கள். உங்கள் இணைய நன்கொடைப் பக்கத்தில் வெளிநாட்டு அட்டைகளை முடக்கி வையுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணமும் கிட்டத்தட்ட அப்படித்தான். கம்பெனிகள் சட்டத்தின் 135-ம் பிரிவு பெரிய நிறுவனங்களைச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. ஆனால் அதைப் பெற சி.எஸ்.ஆர்-1 பதிவும் மூன்று ஆண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். பெரும்பாலும் அது ஓராண்டுத் திட்டத்துக்கான பணம். அதைக் கணினிக்கும் நூலகத்துக்கும் டியூஷன் மையத்துக்கும் வாங்குங்கள், பிள்ளையின் ஐந்து வருட ஃபீஸை அதில் கட்டிப்போடாதீர்கள்.

பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நடிகர் சூர்யாவின் அகரம் ஃபவுண்டேஷன் 2010 முதல் நடத்தும், கல்லூரிப் படிப்புக்கு உதவும் விதைத் திட்டத்தில் விண்ணப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். இதை அப்படியே பின்பற்றுங்கள். வருமானச் சான்றிதழ் அரசின் மீசேவா மையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும், வீட்டு நிலைமை வீட்டில்தான் தெரியும்.

போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒருவருக்குத் தெலுங்கோ உருதோ சரளமாக வரட்டும். அம்மாவிடம் மார்க் ஷீட்டைக் கேட்பதற்கு முன் பள்ளி தந்த ஃபீஸ் கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த மாதம் கட்டினார்கள், எந்த மாதம் விட்டார்கள் என்று அதில் ஒரு வருடக் குடும்பக் கதையே இருக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கட்டி, பிறகு வரிசையாகக் காலி என்றால் நடுவில் வேலை போயிருக்கிறது அல்லது யாருக்கோ உடம்பு முடியவில்லை. முதல் மாதத்திலிருந்தே காலி என்றால் பள்ளி பொறுத்துப் போயிருக்கிறது, பரீட்சை ஹால் டிக்கெட் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். இந்தப் பிள்ளைக்கு வருகிற வருட ஃபீஸைவிடப் பழைய பாக்கிதான் அவசரம். பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைத்தால், எட்டாம் வகுப்பு வரை பள்ளி மாறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவு தருகிறது என்பதைக் கரஸ்பாண்டன்ட்டுக்கு மரியாதையாக நினைவூட்டுங்கள்.

தேர்வு மூன்று பேர் குழுவின் முடிவாக இருக்கட்டும். டிரஸ்டிகளின் உறவினர், வீட்டு வேலைக்காரர் பிள்ளைகள் என்றால் அந்த டிரஸ்டி எழுந்து வெளியே போகட்டும். முதல் ராங்க் பிள்ளைகளை மட்டும் பொறுக்காதீர்கள். ஐம்பது மார்க் வாங்கும் பிள்ளைதான் முதலில் பட்டறைக்குப் போகும்.

பணத்தைப் பெற்றோர் கையில் தர வேண்டாம். பள்ளியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போட்டு, சேர்க்கை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் (டி.ஜி.எஸ்.ஆர்.டி.சி.) சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் 2023 டிசம்பர் முதல் பயணம் இலவசம். போக்குவரத்துக்கு ஒதுக்கியதை அவர்களுக்கு டியூஷனுக்குத் திருப்பலாம். பத்தாம் வகுப்பு வரை தெலுங்கு கட்டாயப் பாடம் என்று 2018-ல் சட்டம் வந்தது. தமிழ், ஒடியா, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்தப் பாடத்தில்தான்.

படம் வேண்டாம், பாதுகாப்பு வேண்டும்

பிள்ளை கையில் பெரிய செக் அட்டையைக் கொடுத்துப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். ஃபேஸ்புக்கில் அது எப்போதும் இருக்கும், பிள்ளை வளர்ந்தபின்னும் இருக்கும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆண்டறிக்கையில் எண்ணிக்கை போதும்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் அடுத்த வகுப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன். நின்றவர்கள் கணக்கை மறைக்காத அறிக்கையை நன்கொடையாளர்கள் நம்புவார்கள்.

தன்னார்வலர் யாரும் பிள்ளையைத் தனியாகச் சந்திக்கக் கூடாது என்ற விதியை எழுத்தில் போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். துன்புறுத்தல் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கடமை, அமைப்பின் பெயர் கெடும் என்று மூடி மறைப்பது குற்றம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். விடுதி நடத்தும் எண்ணம் இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி தனிப் பதிவும் முழுநேரப் பொறுப்பும் கொண்ட வேறு வேலை அது.

உங்கள் வேலையும் முதல் ஊழியரும்

வேலையை உடனே விட வேண்டியதில்லை. விட்டால் முதல் வருட நன்கொடையில் பாதி உங்கள் சம்பளமாகப் போகும். நியமன ஒப்பந்தத்தில் வெளி வேலை பற்றிய விதியைப் படித்து, சம்பளமில்லாத டிரஸ்டியாக இருக்க எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அலுவலக மின்னஞ்சலிலிருந்து நிதி கேட்காதீர்கள், உங்களுக்குக் கீழ் வேலை பார்ப்பவரிடம் நேரில்கூடக் கேட்காதீர்கள். அவரால் மறுக்க முடியாது. ஊழியர் தருவதற்கு ஈடாகக் கம்பெனியும் தரும் திட்டம் இருந்தால், அந்தப் பணம் இந்தியக் கம்பெனியிலிருந்து வருகிறதா, அமெரிக்கத் தாய் நிறுவனத்திலிருந்தா என்று விசாரியுங்கள். இரண்டாவது என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. சிக்கல் வந்துவிடும்.

முதலில் எடுக்க வேண்டிய ஊழியர், வலைத்தளம் செய்பவரோ நிதி திரட்டுபவரோ அல்ல. பிள்ளைகள் இருக்கும் பஸ்தியிலேயே வளர்ந்த, இன்டரோ டிகிரியோ முடித்த ஒரு பெண்ணைக் கள ஊழியராக எடுங்கள். எம்.வி. ஃபவுண்டேஷன் உள்ளூர் இளைஞர்களை நம்பியதன் காரணம் இதுதான். பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் அவருக்கு அன்றே தெரியும், 'என்னக்கா, பாப்பா ஏன் வரல?' என்று வாசலில் நின்று கேட்க முடியும். உங்களுக்கு அது மாத அறிக்கையில்தான் தெரியும். அவர் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். அமைப்பின் முக்கிய வேலையே அவர் செய்வதுதான் என்று நன்கொடையாளரிடம் நேராகச் சொல்லுங்கள்.

ஓராண்டு நாட்காட்டி

தெலங்கானாவில் பள்ளிகள் வழக்கமாக ஜூன் 12-ஐ ஒட்டித் திறக்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர்: வேறொரு அமைப்பில் வேலை, ஒரு பஸ்தியைத் தேர்ந்து வீடு வீடாகப் பேச்சு.
அக்டோபர், நவம்பர்: டீட் அல்லது பதிவு, பான், வங்கிக் கணக்கு, 12ஏபி, 80ஜி விண்ணப்பம்.
டிசம்பர் முதல் பிப்ரவரி: மாதாந்திர நன்கொடையாளர் சேர்ப்பு. குருகுல நுழைவுத் தேர்வு அறிவிப்பைக் கவனித்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம்.
மார்ச்: பரீட்சை மாதம். பாக்கியால் ஹால் டிக்கெட் நின்ற பிள்ளைகளுக்கு உதவி. ஆண்டுக் கணக்கு முடிப்பு.
ஏப்ரல், மே: வீட்டுக்குப் போய்த் தேர்வு, பள்ளியுடன் சலுகைப் பேச்சு, நன்கொடையாளர் பட்டியல் தாக்கல்.
ஜூன்: ஃபீஸ் கட்டுதல். வகுப்பில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதா என்று முதல் வாரமே நேரில் பார்த்தல்.

முதல் வருடம் ஐந்து பிள்ளைகள் போதும். இரண்டாம் ஜூனில் ஐந்து பேரும் அடுத்த வகுப்பில் இருந்தால் ஆறாவது பிள்ளையைப் பற்றி யோசியுங்கள். நாலு பேர்தான் இருந்தால் புது விண்ணப்பங்களை மூடி வைத்துவிட்டு, ஐந்தாவது பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள்.